பரிமாறியவர் எழுதாத பயணக் கட்டுரை

ஐரோப்பிய நகரங்களிலே உணவருந்திய அனுபவங்களை விவரிக்கும் கட்டுரைகள் தமிழில் இப்பொழுது ஏராளமாக வெளிவருகின்றன. பாரிஸ் நகரத்துப் பிராஸரியொன்றில் வெள்ளை விரிப்பிட்ட மேசைமேல் வந்திறங்கிய சிப்பிகள், வியன்னாக் காப்பி நிலையத்தில் ஒரு கோப்பைக் காப்பியோடு அரைநாள் அமர்ந்திருந்த இன்பம், மியூனிக் பியர்ச் சாலையின் ஆரவாரம் ஆகிய யாவும் சுவைபடவே எழுதப்படுகின்றன. அவற்றைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. ஆயினும், இரத்தினபுரி மாவட்டத்து நிவித்திகலப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து அன்பர் ஒருவர் எழுதியுள்ள கடிதம் நம்மைச் சிந்திக்க வைத்துவிட்டது. இத்தகைய கட்டுரைகளை விடாது படித்துவரும் அவர் கேட்டிருப்பது ஒரே கேள்வி: அந்தத் தட்டுகளைக் கழுவுகிறவர் யார்?

கேள்வி வீண் கேள்வியன்று. கேட்டவரும் அதைக் கேட்கத் தகுதியுடையவரே. தேயிலையும் இறப்பரும் விளையும் சப்ரகமுவத் தோட்டங்களில் நாட்கூலி ஆயிரம் ரூபா ஆவதற்கு 2021ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அக்கூலியை நம்பியிருக்க இயலாத குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை இடையிலே நிறுத்திவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறுவதும், அங்கே சாப்பாட்டுக் கடைகளின் பின்கட்டில் விறகடுப்போடும் எச்சில் தட்டுகளோடும் இளமையைக் கழிப்பதும் மலையகம் நெடுங்காலமாக அறிந்த கதை. லயத்து வாசலில் மகனின் வரவை எதிர்பார்த்திருக்கும் தாய்க்கு உணவகம் என்பது உண்ணுமிடமன்று. பிள்ளை வேலை செய்யுமிடம். பயணக் கட்டுரையை அவள் எந்தப் பக்கமிருந்து படிப்பாள் என்பதை நம் எழுத்தாளர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

வியப்பு என்னவெனில், எந்தப் பிராஸரியைக் கண்டு நாம் மயங்குகிறோமோ, அதுவே ஊர் பெயர்ந்தவர்களால் பெருகிய ஒன்று. பிராஸரி என்னும் பிரெஞ்சுச் சொல்லின் நேர்ப்பொருள் பியர் வடிக்கும் சாலை என்பதுதான். 1870–71இல் நடந்த போரில் பிரான்ஸ் தோற்று, அல்சாஸ் மாநிலம் ஜெர்மானியர் வசமானது. அந்நிய ஆட்சியின்கீழ் வாழ ஒவ்வாத அல்சாஸ்காரர் பலர் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தனர். தம்மூர்ப் பியரையும், புளிக்க வைத்த முட்டைக்கோசையும், பன்றியிறைச்சியையும் அவர்கள் தலைநகரில் பரிமாறலாயினர். எழுத்தாளரும் அரசியல்வாதிகளும் கூடுமிடமாகப் புகழ்பெற்ற லிப் பிராஸரியை 1880இல் தொடங்கிய லெயோனார் லிப் ஓர் அல்சாஸ்காரரே. வேரிழந்து வந்தவர்களின் ஏழை உணவு ஒரு தலைமுறைக்குள் பாரிஸின் பெருமையாயிற்று. அவர்களுக்கு வாக்குரிமை இருந்தது. கடை வைக்க முதலும் இருந்தது. தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்களோ 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் குடியுரிமையையே இழந்தார்கள். அந்தக் கறை முற்றாக நீங்க வழிசெய்த சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று. லயத்து அடுப்பில் தட்டிய கோதுமை மா ரொட்டிக்கும் இடித்த சம்பலுக்கும் கொழும்பின் பெருந்தெருவில் ஒரு பெயர்ப்பலகை ஏறாததற்குக் காரணம் சுவைக் குறைவு அன்று.

இன்றைய பாரிஸுக்கு வருவோம். 1983க்குப் பின்னர் அங்கே அடைக்கலம் தேடிய இலங்கைத் தமிழரிற் பெருந்தொகையினருக்கு முதலிற் கிடைத்த வேலை உணவகங்களின் சமையற்கட்டிலேதான். லா சப்பல் வட்டாரத்தில் நம்மவர் கடைகளைக் கண்டு மகிழ்ந்து எழுதும் பயணி, முந்தின இரவு தாம் பிரெஞ்சு உணவு என்று பாராட்டிய குழம்பைக் கிளறியவர் ஒரு தமிழராகவே இருந்திருக்கலாம் என்பதை அறியார். 2023இல் பாரிஸ் நகரசபை நடத்தும் பகெத் ரொட்டிப் போட்டியில் முதற்பரிசு பெற்றவர் தர்ஷன் செல்வராஜா என்னும் இலங்கைத் தமிழர். பரிசின் பயனாக ஓராண்டு காலம் பிரெஞ்சு ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி அளிக்கும் உரிமையும் அவருக்குக் கிட்டியது. அச்செய்தியை நாமெல்லோரும் பெருமையோடு அச்சிட்டோம். பரிசு பெறாத ஆயிரம் பேர் விடியற்காலையில் பிசையும் மாவைப் பற்றித்தான் இன்னும் ஒரு வரியும் அச்சேறவில்லை.

எழுத முடியாத பொருளா இது? ஜோர்ஜ் ஓர்வெல் பாரிஸ் ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் துலக்கிய நாட்களைக் கொண்டுதான் 1933இல் தமது முதல் நூலாகிய 'டவுன் அண்ட் அவுட் இன் பாரிஸ் அண்ட் லண்டன்' என்பதை வெளியிட்டார். ஆயினும் அவர் வேண்டும்போது வெளியேறக்கூடிய படித்த ஆங்கிலேயர். வெளியேற வழியில்லாதவன் எழுதினால் அந்நூல் வேறு விதமாக இருந்திருக்கும்.

அவ்வாறு எழுதுகிறவன் கண்ணுக்குப் படுவனவும் வேறாகவே இருக்கும். நம்மூர்த் தேநீர்க்கடையில் வடையும் ரோல்ஸும் பணிசும் கலந்த தட்டொன்றைக் கேளாமலே மேசைமேல் வைத்துவிட்டு, எழும்போது உண்டவற்றை மட்டும் எண்ணிக் காசு வாங்கும் வழக்கம் உண்டல்லவா? வியன்னாவிலும் பவேரியாவிலும் ரொட்டிக் கூடை அதே முறையில்தான் மேசைக்கு வருகிறது. எடுத்த ரொட்டிக்கு மட்டுமே விலை. பயணி இதைக் கண்டு ஏமாற்று என்று சினந்து எழுதுகிறார். கடையில் நின்று பழகிய நிவித்திகலப் பையன் கண்டால், தன் வீட்டுக்கு வந்தது போல் சிரித்திருப்பான்.

தேநீரைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பிய உணவகத்தில் நூல் கட்டிய காகிதப் பையை வெந்நீரில் தொங்கவிட்டுத் தருகிறார்கள் என்று நம் பயணிகள் தவறாது முறையிடுகிறார்கள். முறையீடு நியாயமே. கடும் நிறமும் சாயமும் மிக்க சப்ரகமுவத் தாழ்நிலத் தேயிலையில் பெரும்பகுதி ஈராக்குக்கும் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போய்விடுகிறது. கொழுந்து பறித்தவளின் லயத்திலோ தூள்தான் கொதிக்கிறது. இந்த இரு கோப்பைகளையும் ஒரே கட்டுரையில் வைத்து எழுதக்கூடியவர்கள் பயணிகள் அல்லர்.

ஆதலின், பாரிஸிலும் சூரிச்சிலும் இலண்டனிலும் உணவகங்களில் உழைக்கும் தமிழர்களையும், கொழும்புக் கடைகளில் உழைக்கும் மலையக இளைஞர்களையும் இப்பகுதிக்கு எழுதுமாறு அழைக்கிறோம். எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினீர்கள், எத்தனை மணிக்கு உண்டீர்கள், எதை உண்டீர்கள், எங்கே உறங்கினீர்கள் என்பவற்றை எழுதுங்கள். நடை செம்மையாக இல்லையே என்று தயங்க வேண்டா; பிழை திருத்துவது நம் வேலை. வேலைக்கோ விசாவுக்கோ இடையூறு நேருமென்று அஞ்சுவோரின் பெயரையும் கடையின் பெயரையும் வெளியிட மாட்டோம்.