பூங்கா போன கதையையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

நியூயார்க்கின் புதிய யாங்கி ஸ்டேடியத்தைப் பற்றிய கட்டுரை படித்தேன். அரங்கின் அழகை விவரித்தவர், அது எந்த நிலத்தில் எழுந்தது என்பதை ஏனோ சொல்லவில்லை. பிராங்ஸ் பகுதி மக்கள் ஓடி ஆடிய மேகோம்ஸ் டேம் பூங்காவும் ஜான் மலாலி பூங்காவின் ஒரு பகுதியும்தான் அந்த நிலம்.

திட்டம் 2005 ஜூனில் வெளியானது. அந்த மாதமே மாநிலச் சட்டமன்றம் பூங்கா நிலத்தைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டது. அக்கம்பக்கத்தாரின் கருத்தைக் கேட்க அவ்வளவு அவசரத்தில் யாருக்கு நேரம்? பிறகு உள்ளூர் சமூகக் குழு எதிர்த்து வாக்களித்தது. அதன் சொல் வெறும் ஆலோசனைதான், யாரையும் கட்டுப்படுத்தாது. 2006இல் மரங்கள் விழுந்தன.

அரங்கத்தால் வேலை கிடைக்கும், வியாபாரம் பெருகும் என்று ஆதரித்தவர்களும் அதே தெருக்காரர்கள்தான். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எனக்கு உறுத்துவது வரிசை. அரங்கம் 2009இல் திறந்தது. பழைய அரங்கை இடித்த இடத்தில் மாற்று மைதானம் 2012இல்தான் வந்தது. பேஸ்பாலுக்காகக் கட்டிய அரங்கால் அந்தப் பகுதிச் சிறுவர்கள் ஆண்டுக்கணக்கில் பேஸ்பால் ஆடும் திடலை இழந்தார்கள்! மாற்றுப் பூங்காக்களில் ஒன்று ஆற்றங்கரையில், நெடுஞ்சாலைக்கும் ரயில்பாதைக்கும் அப்பால். குழந்தை தனியே போய்வர முடியுமா?

மாற்று இடத்தை முதலில் திறந்துவிட்டுப் பிறகு பூங்காவில் கை வைத்திருக்கலாம். ரசிகர்களின் கார்களுக்கென்று எழுப்பிய நிறுத்தக் கட்டடங்களோ எதிர்பார்த்தபடி நிரம்பவில்லை. அவற்றை நடத்திய அமைப்பு கடன் பத்திரங்களுக்குப் பணம் கட்ட முடியாமல் தவணை தவறியது.

— ஒரு வாசகர்