விமான விழா விடியலில் நடக்கட்டும்

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது? பெங்களூர்த் தமிழர் வீடுகளில் லால்பாக், கப்பன் பூங்கா என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்கு யோசிக்கிறோம். ஜக்கூரில் 1948-இல் அமைந்த சிறு விமானத் திடல் யார் நினைவுக்கும் வருவதில்லை.

இந்நகரில் விமானத் தொழிற்சாலை பிறந்தது 1940-இல். அங்கே லேத்தும் ரிவெட்டும் பிடித்த கைகளில் தமிழர் கைகளும் உண்டு. 1958-இல் அத்தொழிற்சாலை 'புஷ்பக்' என்ற இரண்டு இருக்கை விமானத்தைப் பறக்கவிட்டது. நாட்டின் பறக்கும் மன்றங்களுக்கு அது பயிற்சி விமானமாயிற்று. விமானம் செய்த தொழிலாளியின் பிள்ளை அதைத் தொட்டுப் பார்க்க வேண்டாமா? ஆண்டுக்கு ஒரு நாளாவது சிறு விமானத் திடல்கள் வாயிலைத் திறந்து பொதுமக்களுக்கு விழா நடத்த வேண்டும்.

ஆனால் அந்த விழா காலை 9 மணிக்குள் முடிந்துவிட வேண்டும்.

காரணம் இதுதான். வெப்பம் ஏறினால் காற்று இளகிவிடுகிறது. இறக்கை தாங்கும் பலம் குறைகிறது. முன்னால் சுழலும் விசிறியின் இழுப்பு குறைகிறது. எஞ்சினின் சக்தியும் குறைகிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. 35 டிகிரி கொளுத்தும் பிற்பகலில் சிறு விமானத்திற்கு அது 6,000 அடி உயரத்து ஊர் போல ஆகிவிடுகிறது! ஓடுபாதையில் அதிக தூரம் ஓட வேண்டும். எழும்பிய பிறகும் மெதுவாகவே ஏறும். விடியற்காலைக் குளிர்ச்சியில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

பார்க்க வரும் மக்களுக்கும் வெயில் பகைதான். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப் படையின் சாகச நிகழ்ச்சி முற்பகல் 11 மணிக்குத் தொடங்கியது. காணச் சென்றவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தனர். வெயிலின் கொடுமையே காரணம் என்று சொல்லப்பட்டது. அந்தப் பாடத்தை மறக்கலாமா?

நம் நாட்டு விழாக்களின் சங்கதி நமக்குத் தெரியாததல்ல. 7 மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் 11 மணிக்கு வருவார். மாலை, பொன்னாடை, சொற்பொழிவு எல்லாம் முடியும்போது சூரியன் உச்சியில் நிற்கும். "இவ்வளவு கூட்டம் காத்திருக்கிறது, ஒரே ஒரு சுற்று" என்று விமானியை நெருக்குவார்கள். அப்போது "முடியாது" என்று சொல்பவர் கோழையல்லர், பொறுப்புள்ளவர். இயந்திரம் சூடேறியிருக்கும்போது "இன்னும் கொஞ்சம் ஓட்டு" என்று மேலதிகாரி சொன்னால் என்ன ஆகும் என்பதை ஆலைத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே விழா நடத்துவோர் ஒரு விதி செய்யட்டும்: விருந்தினருக்காக விமானம் காத்திருக்காது. பறந்த விமானிக்குக் கை தட்டுவது போலவே, வெயிலைக் கண்டு இறங்கி வந்த விமானிக்கும் நாம் கை தட்டுவோம். பிள்ளைகள் கற்க வேண்டிய முதல் பாடம் அதுவே.