வானத்தில் அரை மணி, மண்ணில்?

கட்டுநாயக்கவிலிருந்து சிகிரியாவுக்கு வான்வழியே ஏறத்தாழ 125 கிலோமீற்றர். சிறு விமானத்தில் ஏறினால் அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். சாலை வழியே சென்றாலோ மூன்றரை, நான்கு மணி நேரம் பிடிக்கும். இந்தக் கணக்கைக் காட்டி, சிகிரியா விமானத் தளத்தை விரிவாக்கினால் மாத்தளை மாவட்டம் தானே செழித்துவிடும் என்று சிலர் முழங்குகின்றனர். கணக்கில் பிழையில்லை. அது யாருடைய கணக்கு என்பதே நம் கேள்வி!

விமானத்தை நாம் வெறுக்கவில்லை. உலக மரபுரிமைப் பட்டியலில் 1982இல் இடம்பெற்ற சிகிரியாக் குன்றைக் காண வருவோர் விரைந்தே வரட்டும். ஆனால், அத்தளம் இன்று நேற்று முளைத்ததன்று; இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கில விமானப் படை அமைத்தது. அன்று முதல் இன்றுவரை, அதனால் எல்கடுவைத் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நிமிடமேனும் மிச்சமானதுண்டா? அண்மையிலுள்ள தம்புள்ளைச் சந்தைக்கு உழவனின் கத்தரியும் வெங்காயமும் வானில் பறந்தா வருகின்றன? லொறியில் குலுங்கி, நசுங்கி அல்லவா வருகின்றன!

தொடருந்துப் பாதை 1880இல் மாத்தளையை எட்டியது. நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்தும் அது தம்புள்ளையை நோக்கி ஓரடி நகரவில்லை. 2025 நவம்பரில் 'டித்வா' புயல் தாக்கியபோது, மலை சரிந்து மலையகச் சாலைகள் துண்டாயின, மாத்தளையும் தப்பவில்லை. நோயாளியையும் கர்ப்பிணியையும் சுமந்து செல்வோருக்கு, அரை மணி விமானக் கணக்கு எந்த வகையில் உதவும்?

ஓடுபாதை போட்டால் வளம் ஓடிவரும் என்பாருக்கு, மாத்தளையோடு பெயரொத்த மத்தலயே விடை கூறும். அம்பாந்தோட்டை மாவட்டத்து அவ்விமான நிலையம் 3,500 மீற்றர் ஓடுபாதையுடன் 2013இல் திறக்கப்பட்டது. கடன் வந்தது, எதிர்பார்த்த பயணிகள் வரவில்லை!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய மலையகத் தமிழரின் முன்னோர், தம்புள்ளை வழியாகவே மாத்தளைக்கு நடந்து வந்தனர். பசியும் வாந்திபேதியும் வழியெங்கும் அவர்களைக் கொன்றன. அவர்கள் நடந்த பாதைக்கு அண்மையில் இன்று விமானம் இறங்குகிறது. அவர்களின் பேரப்பிள்ளைகளோ இன்னமும் கரடுமுரடான தோட்டப் பாதையில் நடக்கின்றனர். இதுவா முன்னேற்றம்?

தோட்டப் பாதைகளைச் செப்பனிடுக. சரிவுகளுக்குக் காப்புச் சுவர் எழுப்புக. தொடருந்தைத் தம்புள்ளைக்கு நீட்டுக. அதன்பின் ஓடுபாதையை நீட்டுவதானால் நாமும் கைதட்டுவோம்.

பொறியியலாளரும் மருத்துவரும் கணக்குக் கோலைக் கையிலெடுக்கட்டும். உழவர் பெருமக்கள் வாக்குக் கேட்டு வருவோரிடம் விடை கேட்கட்டும். ஓடுபாதையிலிருந்து ஓடுபாதைக்குத் தூரம் அளந்தது போதும். லயன் வாசலிலிருந்து வைத்தியசாலை வாசலுக்கு அளந்து பாருங்கள். நாட்டின் உண்மையான தூரம் அப்போது விளங்கும்!