மாற்ற வேண்டியது காமிராவா, லென்ஸா?

எங்கள் பள்ளிப் புகைப்படக் குழுவின் உண்டியலில் மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்த பணம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை விற்றும், விளையாட்டு விழாப் படங்களை அச்சிட்டுப் பெற்றோருக்குக் கொடுத்தும் சேர்த்த பணம் அது. புதிய காமிரா வாங்கலாம் என்பது குழுவில் பாதிப் பேரின் ஆசை. லென்ஸ் வாங்குவோம் என்பது எங்கள் கட்சி. ஆண்டு மலரில் இடம் கிடைத்துவிட்டதால் எங்கள் வழக்கை வாசகர் முன் வைக்கிறோம். எதிர்க்கட்சியினர் அடுத்த மலரில் பதில் எழுதட்டும்!

நம்மிடம் இருப்பது 2016-இல் வெளிவந்த நிக்கான் டி3400. அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸ்தான் இன்றும் அதில் மாட்டியிருக்கிறது. "பழைய காமிரா, படம் தெளிவாக விழவில்லை" என்று தோழியர் குறைப்படுகின்றனர். குறை உண்மைதான். ஆனால் குற்றவாளி யார் என்பதில்தான் வழக்கு.

ஆண்டு விழா நடனப் படங்களையே எடுத்துக்கொள்வோம். முகம் தெரிகிறது, அபிநயம் பிடிக்கும் கைகளோ புகைபோல் கலைந்து கிடக்கின்றன. காரணம் இதுதான். அந்த லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறவாது. மேடை விளக்கின் மங்கிய ஒளியில் ஷட்டர் 1/60 விநாடி திறந்திருக்க வேண்டியதாகிறது. அதற்குள் ஆடுபவளின் கை நகர்ந்துவிடுகிறது! எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். அதே வெளிச்சத்தில் 1/500 விநாடியில் படம் எடுத்துவிடலாம். அவ்வளவு அகலமாகத் திறந்தால் முன்வரிசையில் ஒருத்தி மட்டும் தெளிவாகவும் பின்வரிசையினர் மங்கலாகவும் விழுவர் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். குழு நடனத்துக்கு எஃப் 2.8-இல் நிறுத்தி 1/250 விநாடியில் எடுக்கலாம். இப்போதிருக்கும் நிலைக்கு அதுவே நான்கு மடங்கு மேல்.

பிக்சல் கணக்குக் கேட்டு மயங்குவோர் பலர். நம் காமிராவின் படம் 6000-க்கு 4000 பிக்சல். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்று நேர்த்தியாக அச்சிட்டால்கூட 20 அங்குல அகலம் வரும். இந்த மலரின் பக்கத்தை அளந்து பாருங்கள்! 24 மெகாபிக்சலுக்குப் பதில் 45 மெகாபிக்சல் காமிரா வாங்கினாலும் படத்தின் அகலம் ஒன்றரை மடங்கைக்கூட எட்டாது. கலைந்த கை பெரிதாகக் கலைந்து தெரியும், அவ்வளவே.

அப்படியானால் காமிராவை மாற்றவே கூடாதா என்று கேட்பீர்கள். மாற்ற வேண்டிய காலம் உண்டு. நூறு மீட்டர் ஓட்டத்தில் நம்மை நோக்கிப் பாய்ந்து வருபவளைக் குவியத்தில் வைத்திருக்க டி3400 திணறுகிறது. அதில் குவியப் புள்ளிகள் 11 மட்டுமே. இன்றைய கண்ணாடியில்லாக் காமிராக்கள் கண்ணையே கண்டுபிடித்துத் தொடர்கின்றன. இது நியாயமான காரணம். ஷட்டர் தேய்ந்து பழுது பார்க்க முடியாத நிலை மற்றொன்று. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் விளையாட்டு விழா. மேடை நிகழ்ச்சிகளோ மாதந்தோறும். எது முந்த வேண்டும்?

லென்ஸ் வாங்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. நிக்கானின் பழைய 'டி' வகை 50 மி.மீ. லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். ஆனால் நம் காமிராவுக்குள் அதை இயக்கும் மோட்டார் இல்லாததால் தானாகக் குவியாது. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள 'ஏ.எஃப்.-எஸ்' வகையே வேண்டும். 1959 முதல் வழங்கிவரும் எஃப் பொருத்தியின் இடத்திற்கு 2018-இல் புதிய இசட் பொருத்தி வந்தது. ஆனாலும் அந்த வகை லென்ஸை இணைப்பான் மூலம் புதிய காமிராவில் மாட்டினாலும் தானாகக் குவியும். நாளை காமிரா மாறினாலும் இன்றைய செலவு வீணாகாது. எல்லா நிறுவனங்களும் இவ்வளவு தயவு காட்டியதில்லை. 1987-இல் கேனன் பொருத்தியை மாற்றியபோது பழைய லென்ஸ்கள் புதிய காமிராக்களில் பொருந்தாமல் போயின.

பெற்றோரின் கவனத்திற்கும் ஒரு சொல். உங்கள் மகள் புதிய காமிரா கேட்டால், "எந்தப் படத்தை எடுக்க முடியாமல் போயிற்று?" என்று அன்புடன் கேளுங்கள். அவளால் ஒரு படத்தைச் சொல்ல முடிந்தால் எந்தக் கருவி தேவை என்பதும் தெரிந்துவிடும். சொல்ல முடியாவிட்டால் காத்திருக்கலாம். இந்தியாவின் முதல் பெண் செய்திப் புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவல்லா (1913-2012) கையாண்ட ரோலிஃப்ளெக்ஸ் காமிராவில் லென்ஸைக் கழற்றி மாற்றவே இயலாது.

இன்னொரு காரணமும் உண்டு. சொல்லச் சற்றுக் கூச்சமாயிருந்தாலும் எங்களுக்கு அதுவே பெரிது. குழுவில் வீட்டில் காமிரா இல்லாதவர்களே அதிகம். விலையுயர்ந்த புதுக் காமிரா வந்தால் அலமாரியில் பூட்டு விழும்; பெரிய வகுப்பு அக்காக்கள் கையைவிட்டு அது இறங்காது. லென்ஸின் விலையோ அதில் ஒரு சிறு பங்கு. மிச்சப் பணத்தில் இரண்டாவது பாட்டரியும், மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை படராதிருக்க சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடும் பெட்டியும் வாங்கலாம். அதற்கு மேலும் மீந்தால் பழைய காமிரா ஒன்றை வாங்கிச் சிறுமிகளிடம் கொடுக்கலாம்.

ஜூன் மாத முதல் கூட்டத்தில் இது வாக்குக்கு வருகிறது. ஆறாம் வகுப்பு உறுப்பினருக்கும் ஓட்டு உண்டு.