பெரிய பத்திலே பதினெட்டு

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே "பெரிய பத்து" என்னும் பெயர் தாங்கிய சர்வகலாசாலை விளையாட்டுச் சங்கம் ஒன்று உண்டு. அதன் அங்கத்தவரை எண்ணிப் பார்த்தால் பதினெட்டு வரும். "பெரிய பன்னிரண்டு" என்று வேறொரு சங்கமும் இருக்கின்றது. 2011 ஆம் ஆண்டிலே பெரிய பன்னிரண்டிற் பத்தும், பெரிய பத்திற் பன்னிரண்டுமாக அங்கத்தவர் இருந்தனர். இரு சங்கங்களும் பெயரைப் பண்டமாற்றுச் செய்தாலென்ன என்று அந்நாட்டார் நகைத்தார்கள். பழம் பெயருக்கு மவுசு அதிகம். 1990 இலே பதினோராவதாகப் பென்சில்வேனியா மாநிலச் சர்வகலாசாலை சேர்ந்த பொழுதும் பெயரை விட மனம் வரவில்லை. சங்கத்தின் சின்னத்திலே எழுத்துக்களின் இடைவெளிக்குள் 11 என்னும் இலக்கத்தை ஒளித்து வரைந்து திருப்தியடைந்தார்கள்.

இச்சங்கங்கள் தோன்றிய காரணம் வேறு. 1895 இலே பேர்டியூ சர்வகலாசாலைத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மாட் என்பார் அயலிலிருந்த கல்வி நிலையங்களின் தலைவர்களைச் சிக்காகோ நகருக்கு அழைத்தார். படிப்பென்றால் என்னவென்றறியாத முரடர்களைப் பணங் கொடுத்துப் பிடித்துவந்து மாணவரென்று களத்தில் இறக்கும் வழக்கம் அக்காலத்திலே மலிந்திருந்தது. அதை அடக்குவதற்காக 1896 இலே ஏழு சர்வகலாசாலைகள் ஒன்று கூடின. எல்லாம் அயலூர்கள், புகைவண்டியிற் போய்வரக்கூடிய தூரம். அந்த அயல் உறவிலிருந்தே பரம்பரைப் பகையும், பகையிலிருந்து இரசிகர் கூட்டமும் விளைந்தன.

அவர்கள் "புட்போல்" என்று சொல்லும் ஆட்டத்திலே பந்தைக் காலால் உதைப்பது அருமை. கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதே பெருமை. இந்த ஆட்டந்தான் மற்றெல்லா விளையாட்டுக்களுக்கும் சோறு போடுகின்றது. இதனைத் தொலைக்காட்சியிற் காட்டும் உரிமையை நெடுங்காலமாகத் தேசிய சங்கமொன்று தன் கைக்குள் வைத்திருந்தது. ஒக்லஹோமாவும் ஜோர்ஜியாவும் வழக்குத் தொடுத்தன. 1984 யூன் மாதத்திலே அதியுயர் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற வகையிலே அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. உடன்படாத இருவரில் ஒருவரான நீதியரசர் பைரன் வைட், இளமையிலே கொலராடோ சர்வகலாசாலைக்காக ஆடிப் புகழ் பெற்றவர். பணம் படிப்பை விழுங்கிவிடும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சம் வீண் போகவில்லை என்பதே என் துணிபு.

அதன்பின் ஒவ்வொரு சங்கமும் தன் சரக்கைத் தானே விற்கலாயிற்று. 2007 இலே பெரிய பத்து தனக்கென ஒரு தொலைக்காட்சி நிலையத்தையே தொடங்கியது. கம்பி வழியே தொலைக்காட்சி பெறும் வீடுகள் அந்நிலையத்திற்கும் சேர்த்தே மாதக் கட்டணம் செலுத்தின. பார்த்தாலும் காசு, பாராவிட்டாலும் காசு. ஆதலால் எந்த அணி திறமையாக ஆடுகின்றது என்பதிலும், எந்த நகரத்திலே எத்தனை வீடுகள் என்பதே முக்கியமாயிற்று. 2014 இலே மேரிலாந்தும் ரட்கேர்ஸும் சேர்க்கப்பட்டதற்கு வாஷிங்டன், நியூ யோர்க் ஆகிய பெருநகரங்களின் அயலில் அவை இருந்தமை பெரிய காரணம். பின்னர் கம்பித் தொலைக்காட்சியை விட்டு விலகும் வீடுகள் பெருகவே கணக்கு மாறியது. எந்த ஆட்டத்தைக் கோடிக்கணக்கானோர் விரும்பிப் பார்க்கிறார்களோ அதற்கே விலை என்றாயிற்று. சிறிய ஊர்ச் சர்வகலாசாலைக்கு இது சனி பிடித்த காலம்.

இதன் பலன் பசுபிக் கரையிலே தெரிந்தது. 1915 டிசெம்பரிலே போட்லண்ட் நகரில் நான்கு சர்வகலாசாலைகள் கூடி அமைத்த சங்கம், பல பெயர் மாற்றங்களின் பின் 2011 இலே "பசுபிக் பன்னிரண்டு" ஆயிற்று. 2022 யூன் 30 ஆந் திகதி லொஸ் ஏஞ்சலீஸ் நகரத்து இரு பெரும் சர்வகலாசாலைகளும் பெரிய பத்துக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு யூலையிற் கொலராடோ கழன்றது. 2023 ஓகஸ்ட் 4 ஆந் திகதி ஒரே நாளில் ஐந்து சர்வகலாசாலைகள் புறப்பட்டன. செப்டெம்பர் முதலாந் திகதி ஸ்டான்போட்டும் பேர்க்லியும் இடந்தேடிச் சென்று சேர்ந்த சங்கத்தின் பெயர் "அத்திலாந்திக் கரைச் சங்கம்". பசுபிக் சமுத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கலாசாலைகளுக்கு அத்திலாந்திக் கரையில் அங்கத்துவம்! அதுவும் முழுப் பங்கில்லை. முதல் ஏழு ஆண்டுகளுக்கு நூற்றுக்கு முப்பது வீதமே. லொஸ் ஏஞ்சலீஸையும் பேர்க்லியையும் நடத்துவது ஒரே ஆளுநர் சபை. ஆகையால் ஓடிப்போன பிள்ளை, நின்ற பிள்ளைக்கு ஆண்டுதோறும் ஒரு கோடி டொலர் கொடுக்கவேண்டும் என்று 2024 மே மாதத்திற் பணிக்கப்பட்டது. பத்திரிகைகள் அதற்கு ஜீவனாம்சம் என்று பெயர் சூட்டிக் கேலி செய்தன.

இவ்வளவுக்கும் நடுவே இரசிகர்களின் ஆரூடம் இருக்கின்றதே, அது தனியொரு விளையாட்டு. அடுத்து எந்தச் சங்கம் யாரை அழைக்கும் என்று தேசப்படத்திற் கோடு கீறுகின்றார்கள். நகரத்துச் சனத்தொகையை ஆராய்கின்றார்கள். ஆராய்ச்சித் துறையிலே கீர்த்தி போதுமா என்று வாதிடுகின்றார்கள். சர்வகலாசாலைத் தலைவர் ஏறிய ஆகாய விமானம் எங்கே இறங்கியது என்று வேவு பார்ப்போரும் உளர். நம்பிக்கையை ஊட்டிவிட்டுக் கையை விரிக்குஞ் சங்கங்களும் உண்டு. 2016 இலே பெரிய பன்னிரண்டு புதிய அங்கத்தவரைச் சேர்க்கப் போவதாகச் சொல்லிப் பதினொரு சர்வகலாசாலைகளைப் பெண்பார்ப்பது போல வரிசையில் நிறுத்திப் பார்த்தது. ஒக்டோபரிலே ஒருவரும் வேண்டாமென்று முடித்தது. ஐந்து ஆண்டு கழிந்தது. டெக்ஸாசும் ஒக்லஹோமாவும் விலகப் போவதாக அறிவித்ததும், முன்னர் வேண்டாமென்று அனுப்பிய ஹியூஸ்டன், சின்சினாட்டி முதலிய நால்வரை அதே சங்கம் வலியச் சென்று அழைத்தது. ஆரூடக்காரர் எப்பொழுதுங் கைவிடாத பெயர் நோத்ர் டேம். 1999 இலே பெரிய பத்தின் அழைப்பை மறுத்த அந்தக் கத்தோலிக்கச் சர்வகலாசாலை, புட்போல் ஆட்டத்திலே எச்சங்கத்திலுஞ் சேராமல் தனித்தே நிற்கின்றது. என்றாலும் அது நாளைக்கே சேரப்போகின்றது என்று ஆண்டுதோறும் யாராவது சத்தியஞ் செய்கின்றார்கள்.

வேடிக்கை இருக்கட்டும். புட்போல் ஆடுவோர் கிழமைக்கு ஓர் ஆட்டம் ஆடுவர். பருவத்திலே ஐந்தாறு பயணந்தான். கரப்பந்தும் மென்பந்தும் ஆடும் பெண்பிள்ளைகளுக்கோ ஆட்டங்கள் பல மடங்கு. லொஸ் ஏஞ்சலீஸிலிருந்து ரட்கேர்ஸுக்கு ஏறக்குறைய 2400 மைல். மணிக்கூட்டிலும் மூன்று மணித்தியால வித்தியாசம். நள்ளிரவில் வந்திறங்கி மறுநாட் காலையிற் பாடத்துக்குச் செல்லும் மாணவியை ஒப்பந்தம் எழுதியோர் நினைத்திருப்பார்களா? புட்போலை மட்டும் பிரித்தெடுத்துத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டு, ஏனைய ஆட்டங்களை அயலவருடன் ஆடவிட்டாற் குறைந்துபோவது என்ன என்பது எனக்கு விளங்கவில்லை.

பன்னிரண்டிலே எஞ்சியவை இரண்டு: ஒறிகன் மாநிலச் சர்வகலாசாலையும், புல்மன் என்னுஞ் சிற்றூரிலுள்ள வாஷிங்டன் மாநிலச் சர்வகலாசாலையும். அவை செய்த பிழை சிறிய ஊரில் இருந்தமையே. இருந்தும் அவை அழுதுகொண்டிருக்கவில்லை. சங்கத்தின் ஆட்சி எங்களுடையதே என்று வழக்காடி 2023 நவம்பரிலே நீதிமன்றத்தின் கட்டளையையும் பெற்றன. பொய்சி, பிரெஸ்னோ, சான் டியேகோ முதலியவற்றை 2026 யூலை முதல் அங்கத்தவராக்க ஒப்பந்தமுஞ் செய்தன.

அவ்விரு வாஷிங்டன்களும் 1900 ஆம் ஆண்டு முதல் ஆடிவரும் ஆட்டத்துக்கு "அப்பிள் கிண்ணம்" என்று பெயர். சங்கம் பிரிந்தபின் அதனைக் கைவிடுவார்களோ என்று இரசிகர் கலங்கினர்; 2028 வரை ஆடுவதென இரு பகுதியாரும் இணங்கினார்கள். பிரிவின் பின் முதல் ஆட்டம் 2024 செப்டெம்பர் 14 ஆந் திகதி சியாட்டில் நகரிலே நடந்தது. பெரிய பத்திலே இடம் பிடித்த வாஷிங்டன் 19. கைவிடப்பட்ட புல்மன் 24.