மலைச் செடி மரத்திலேயே இருக்கட்டும்!

ஆர்க்கிட் என்றாலே பணக்கார வீட்டுச் செடி, ஏ.சி. அறையில்தான் வளரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதெல்லாம் கிடையாது, தோழியரே! சென்னை வெயிலில், இரண்டாவது மாடி பால்கனியில் நான் ஆறு வருடமாக டென்ட்ரோபியம் வளர்த்து வருகிறேன். ரோஜாவுக்குப் படும் பாட்டில் பாதி கூட இதற்குப் பட வேண்டாம். ஆனால், செடியை எங்கே வாங்குகிறோம் என்பதில் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மலைப் பிரதேசங்களுக்குச் சுற்றுலா போனால், மரத்திலிருந்து பிடுங்கிய ஆர்க்கிட் செடிகளைப் பாசியில் சுற்றிச் சாலையோரம் விற்பதைப் பார்க்கலாம். விலை குறைவு என்று நம் பெண்களும் இரண்டு மூன்று கட்டு வாங்கிக் காரில் போட்டுக்கொள்வார்கள். என் நாத்தனாரும் வாங்கப் போனாள். தடுத்தேன். "காட்டுல கேட்பாரில்லாம கிடக்கிற செடிதானே அண்ணி?" என்றாள்.

கேட்பாரில்லாமல் கிடக்கவில்லை. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். நெல், உளுந்து போல அதற்குள் சேமித்து வைத்த உணவு கிடையாது. ஒருவகைப் பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். ஒரு காயில் ஆயிரக்கணக்கில் விதை இருந்தும் பிழைப்பது மிகச் சிலவே. அது வளர்ந்து பூக்கப் பல வருடங்கள் ஆகும். அப்படி வந்த செடியை நொடியில் பிய்த்து, குளிர்ந்த மலையிலிருந்து நம் ஊர் வெக்கைக்குக் கொண்டு வந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் செத்துப் போகும். காப்புக் காட்டிலிருந்து அனுமதியின்றிச் செடியைப் பிடுங்குவது சட்டப்படி குற்றமும் கூட.

"விற்கிறவங்களும் ஏழைங்கதானே" என்று சிலர் கேட்கலாம். நியாயம்தான். அவர்களிடம் தேனும் மிளகும் பேரம் பேசாமல் வாங்குவோமே! காட்டை வெறுமையாக்கித்தான் உதவ வேண்டும் என்பதில்லை.

பூஞ்சை இல்லாமலே, சர்க்கரை கலந்த ஊடகத்தில் ஆர்க்கிட் விதையை முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922-லேயே காட்டிவிட்டார். இன்று நல்ல நர்சரிகளில் கிடைக்கும் டென்ட்ரோபியம் கலப்பினங்கள் ஆய்வுக்கூடத்தில் பெருக்கியவை. நம் ஊர் வெயிலுக்கும் ஒத்துவரும். காட்டு வகைகளைப் பார்க்க ஆசையா? ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

வளர்ப்பது சுலபம். மண்ணே வேண்டாம். ஓட்டை நிறைய உள்ள தொட்டியில் அடுப்புக்கரி, செங்கல் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு போட்டால் போதும். மட்டையை இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்துவிட வேண்டும். காலை வெயில் படலாம். மதிய வெயிலுக்கு நிழல் வலை கட்டுங்கள். வெள்ளையாக இருக்கும் வேர் தண்ணீர் பட்டால் பச்சையாகும். மறுபடி வெளுத்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். வேர் பழுப்பாகிக் கொழகொழவென்று ஆனால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

இன்னொன்று. பூ உதிர்ந்ததும் செடி செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். இலை உதிர்ந்த பழைய தண்டையும் வெட்ட வேண்டாம். அதில் இருக்கும் நீரும் உணவும்தான் புதுக் குருத்துக்குத் தாய்ப்பால்.

நாம் வாங்குவதால்தான் அவர்கள் பிடுங்குகிறார்கள். நாம் வேண்டாம் என்றால், அடுத்த வருடம் அந்தச் செடி அதே மரத்தில் பூக்கும். செய்வோமா, தோழியரே?

- ஓர் இல்லத்தரசி, சென்னை.