பிள்ளை பார்க்க நீங்க வாங்க!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சொந்தக்காரர்களைத் திட்டுகிற பதிவுதான். என் சொந்தக்காரர்கள் மட்டுமில்லை, உங்கள் சொந்தக்காரர்களும் இதில் இருக்கிறார்கள். தைரியம் இருந்தால் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுங்கள் :-)

நாங்கள் இருப்பது புனே. அடுத்த மாதம் 7 மாதப் பெண் குழந்தையோடு நியூஜெர்சி போகிறோம். எடிசனில் அக்கா இருக்கிறாள். அவளால் இங்கே வர முடியாது. விசா ஸ்டாம்பிங்குக்காக இந்தியா வந்த ஹெச்1பி ஆட்களுக்கு 2025 டிசம்பரில் நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போன கதை எல்லோருக்கும் தெரியும். வேலையைப் பணயம் வைத்து அவள் வர வேண்டாம், நாங்களே போகிறோம். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் வருத்தமெல்லாம் அங்கிருந்து வந்திருக்கும் புரோகிராம் லிஸ்ட் மேலேதான். இருக்கப்போவது மூன்று வாரம். முதல் சனிக்கிழமை எடிசனில் நாற்பது பேரோடு பாட்லக். அடுத்த வாரம் வர்ஜீனியாவில் சித்தப்பா வீடு. அதற்கடுத்து பாஸ்டனில் அண்ணன் வீடு. நடுவில் பிலடெல்பியாவில் மாமா பையன். "இவ்வளவு தூரம் வந்துட்டு நயாகரா பார்க்காமலா?" என்று ஒரு கொசுறு வேறு.

எடிசனிலிருந்து பாஸ்டன் சுமார் 400 கிலோமீட்டர். நயாகரா 600-க்கும் மேல். நம்மூர் மாதிரி மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே போக முடியாது. நியூஜெர்சி சட்டப்படி 2 வயதுக்குக் குறைந்த, 30 பவுண்டு எட்டாத குழந்தை, காரின் பின்பக்கம் பார்த்தபடி மாட்டிய கார் சீட்டில் பெல்ட் போட்டுத்தான் உட்கார வேண்டும். மிகச் சரியான சட்டம். ஆனால் அதன் அர்த்தம் என்ன? குழந்தை அழுதால் ஓடுகிற காரில் தூக்க முடியாது. வண்டியை ஓரங்கட்டி, இறக்கி, பால் கொடுத்து, மறுபடி கட்டி... இதை மூன்று வாரமும் செய்யச் சொல்கிறார்கள்.

சரி, எடிசன் பாட்லக்காவது சும்மாவா? கோடையில் அங்கே சனிக்கிழமை மாலை 7 மணி என்றால் புனேயில் ஞாயிறு விடிகாலை 4.30. வந்திறங்கிய குழந்தையின் உடம்பு இன்னும் புனே மணியில்தான் ஓடும். அந்த நேரத்தில் நாற்பது பேர் கை மாற்றி, கன்னத்தைக் கிள்ளி, முத்தம் கொடுத்து, "சிரிக்கவே மாட்டேங்குறாளே, யாரை மாதிரி?" என்று கேட்பார்கள். விடிகாலை நாலரை மணிக்கு உங்களை எழுப்பினால் நீங்கள் சிரிப்பீர்களா?

இதெல்லாம் அசதியோடு போகிறது. அடுத்தது அப்படிப் போகாது. அமெரிக்காவில் 2025-ல் மட்டும் 2000 பேருக்கு மேல் தட்டம்மை வந்தது. 1992-க்குப் பிறகு இவ்வளவு வந்ததில்லை. டெக்சாஸில் இரண்டு குழந்தைகள் இறந்தே போனார்கள். தட்டம்மை வந்தவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். நம் நாட்டில் முதல் தட்டம்மை ஊசி 9 மாதம் முடிந்துதான். 6 மாதம் முடிந்த குழந்தை வெளிநாடு போவதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு ஊசி போடலாம். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிட வேண்டும். டாக்டரிடம் பேசி நாங்கள் போட்டாயிற்று. ஆனால் அந்த வயதில் போடும் ஊசி முழுக்கவசம் இல்லை. கக்குவான் இருமலும் அப்படித்தான். பெரியவர்களுக்கு அது வெறும் இருமல், கைக்குழந்தைக்கு ஆஸ்பத்திரி. நாற்பது பேரில் யார் ஊசி போட்டவர், யார் இருமலோடு வந்தவர் என்று யார் வாசலில் நின்று பார்ப்பது?

இனி வழக்கமான வசனங்கள்.

"ரெண்டு வயசுக்குள்ள வந்தாத்தான் டிக்கெட் மலிவு." உண்மைதான். பெரும்பாலான விமானங்களில் மடிக்குழந்தைக்குப் பத்தில் ஒரு பங்குதான். டிக்கெட் மலிவு என்பதால் குழந்தையின் தூக்கமும் மலிவாகிவிடுமா?

"நாங்கல்லாம் பிள்ளையத் தூக்கிட்டு பஸ்ஸுல போகலையா?" போனீர்கள். ஒரு வீட்டுக்குப் போய் அங்கேயே ஒரு மாதம் இருந்தீர்கள். ஊரே அந்த வீட்டுக்கு வந்து பார்த்தது.

"ஒரு சொட்டு தேன் நாக்குல வச்சா என்ன?" ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. அதனால் பொட்டுலிசம் என்ற நஞ்சு நோய் வரலாம். தேன் எவ்வளவு சுத்தமானது என்பது கணக்கே இல்லை.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் "பிள்ளை பார்க்கப் போறோம்" என்பார்கள். "பிள்ளையைக் காட்டப் போறோம்" என்று ஒரு ஆச்சியும் சொல்லி நான் கேட்டதில்லை. பெற்றவள் தாய் வீட்டில் இருப்பாள், பார்க்கிறவர்கள்தான் பஸ் ஏறி வருவார்கள். பதினைந்தாயிரம் டாலருக்குக் கார் வாங்கியவர்களுக்கு மட்டும் இந்த வழக்கம் மறந்துபோவது எப்படி? குழந்தை என்ன வீதி உலா வரும் உற்சவ மூர்த்தியா, ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி தீபாராதனை காட்ட?

அதனால் எங்கள் புரோகிராம் இதுதான். மூன்று வாரமும் எடிசன். முதல் வாரம் யாருக்கும் அனுமதி இல்லை. பிறகு வாருங்கள், பகலில் வாருங்கள், நாலைந்து பேராக வாருங்கள், கை கழுவிவிட்டுத் தூக்குங்கள். முத்தம் காலில் கொடுங்கள். சளி, இருமல் இருந்தால் வீடியோவில் பாருங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பாஸ்டனில் அண்ணன் வீட்டில் பெரியம்மா இருக்கிறார். 78 வயது, முழங்கால் போய்விட்டது, நாலு படி இறங்க முடியாது. அவரிடம் நாங்கள் போவோம். எத்தனை தடவை வண்டியை நிறுத்த வேண்டியிருந்தாலும் போவோம். வர முடியாதவர்களிடம் குழந்தையைக் கொண்டுபோவதற்குப் பெயர் உறவு. வர முடிந்தும் சோபாவில் உட்கார்ந்துகொண்டு "கூட்டிட்டு வா" என்பதற்குப் பெயர் அதிகாரம்.

வர்ஜீனியா சித்தப்பா கோபித்துக்கொள்வார் என்று அம்மா இப்போதே புலம்ப ஆரம்பித்துவிட்டாள். கோபித்துக்கொள்ளட்டும். கோபம் ஆறியதும் காரை எடுத்தால் நாலு, நாலரை மணி நேரத்தில் எடிசன் வந்துவிடலாம்.